டொமேன் களவு போகாமல் காக்க எந்தப் பூட்டு? கோயிலுக்கும் சங்கத்துக்கும் கடைக்கும் ஓர் ஒப்பீடு

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டக் கோயில்கள், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்கள், மசாலைத்தூளும் முறுக்கும் இணையம் வழி விற்கும் வீட்டுக் கடைகள் என்று பலரிடமும் இன்று சொந்த டொமேன், அதாவது இணையதள முகவரிப் பெயர், இருக்கிறது. வருடத்துக்கு ஏறத்தாழ 60 வெள்ளி. கட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்தப் பெயர் நமக்குத் தெரியாமலே வேறொரு பதிவு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பவர்கள் குறைவு. யோசிப்பவர்களும் அடுத்த கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். இலவசப் பூட்டு போதுமா, காசு கட்டி வாங்கும் பூட்டு வேண்டுமா, பேசாமல் மலேசியாவுக்கே உரிய பின்னொட்டான டாட் மைக்குப் போய்விடலாமா?

ஒரு கோயில் நிர்வாகக் கூட்டத்தில் பொருளாளர் கேட்டார்: “ஏன் தம்பி, அறுபது வெள்ளி பேருக்கு ஆயிரம் வெள்ளிக்குப் பூட்டு போடச் சொல்றாங்களே, தேவைதானா?” நியாயமான கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் அமைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஆயிரம் வெள்ளிப் பூட்டு தேவையில்லை. ஆனால் இலவசமாகக் கிடைப்பதை முழுமையாகச் செய்ய வேண்டும். அதற்கும் முன்னால், பெயர் யாருடைய பேரில், யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்பதைச் சரிசெய்ய வேண்டும். அதைச் செய்யாமல் போடும் எந்தப் பூட்டும் வீண்.

பெயர் போனால் என்ன போகும் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். கோயில் தளத்தில் திருவிழா உபயத்துக்குப் பணம் அனுப்ப ஸ்கேன் செய்யும் டூயிட்நவ் கியூஆர் படம் இருக்கிறது. பெயரைக் கைப்பற்றியவன் தளத்தை அப்படியே நகலெடுத்து வைத்துவிட்டு, அந்த ஒரு படத்தை மட்டும் மாற்றினால் போதும். சிங்கப்பூரிலும் ஷா ஆலமிலும் இருக்கும் நம் பிள்ளைகள் அம்மனுக்கென்று அனுப்பும் பணம் வேறு எவனுடைய கணக்கிலோ போய்ச் சேரும். அந்தப் பெயரில் வரும் மின்னஞ்சல்களும் அவன் கைக்கே போகும்.

பெயர் எப்படிக் கைமாறுகிறது

எந்தப் பூட்டு எதைத் தடுக்கும் என்று ஒப்பிட வேண்டுமானால், மாற்றல் நடக்கும் விதம் தெரிய வேண்டும். டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்ற பெயர்களுக்கு விதி வகுப்பது ஐகேன் என்ற அனைத்துலக அமைப்பு. நாம் பெயர் வாங்குவது ஒரு பதிவு நிறுவனத்திடம். அதற்கு மேலே, அந்தப் பின்னொட்டு முழுவதற்கும் ஒரே பட்டியலை வைத்திருக்கும் தலைமைப் பதிவகம் உண்டு. டாட் காமுக்கு அது வெரிசைன், டாட் மைக்கு மைநிக். பெயரை ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போவதைத்தான் மாற்றல் என்கிறோம்.

அதற்கு இரண்டு வேண்டும். பெயரின் மாற்றல் பூட்டு திறந்திருக்க வேண்டும். மாற்றல் குறியீடு, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு ரகசியச் சொல், கையில் இருக்க வேண்டும். குறியீட்டைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்ததும் அது தலைமைப் பதிவகத்துக்கு விண்ணப்பம் அனுப்பும். பழைய நிறுவனம் உரிமையாளரின் மின்னஞ்சலுக்கு ஒரு தகவல் அனுப்பும்: இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது, உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் சொல்லுங்கள். ஐந்து நாளில் மறுப்பு வராவிட்டால் மாற்றல் நிறைவேறிவிடும். பேசாமல் இருப்பதே சம்மதம்.

இந்த விதி 2004 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் நோக்கம் நல்லதுதான். அதுவரை சில பதிவு நிறுவனங்கள் வாடிக்கையாளரை விட மனமில்லாமல் மாற்றல் விண்ணப்பங்களுக்குப் பதிலே சொல்லாமல் இழுத்தடித்தன. அதைத் தடுக்கத்தான் மௌனத்தைச் சம்மதமாக்கினார்கள். ஆனால் இரண்டே மாதத்தில், 2005 ஜனவரி நடுவில், நியூயார்க்கின் மிகப் பழைய இணையச் சேவை நிறுவனங்களில் ஒன்றான பானிக்ஸின் டாட் காம் பெயர் அதன் அனுமதியில்லாமல் ஆஸ்திரேலியாவிலுள்ள ஒரு பதிவு நிறுவனத்துக்குப் போய்விட்டது. பெயரின் டி.என்.எஸ், அதாவது அந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று காட்டும் பதிவு, இங்கிலாந்துக்கும் மின்னஞ்சல் கனடாவுக்கும் திருப்பிவிடப்பட்டன. அது வார இறுதி. பொறுப்பான ஆளைப் பிடிக்கவே பெரும்பாடு. ஆஸ்திரேலியாவில் திங்கட்கிழமை விடிந்த பிறகுதான் பெயர் திரும்பியது. அதுவரை அவர்களுடைய வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்கள் எங்கோ போய்க்கொண்டிருந்தன. ஐகேனின் பாதுகாப்புக் குழு அதே ஆண்டு ஜூலையில் டொமேன் களவு பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

2018 மே மாதம் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இன்னொரு மாற்றம். உரிமையாளரின் மின்னஞ்சல் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கப்பட்டது. நமக்கு அது நல்லதே. ஆனால் முன்பு புதிய நிறுவனமும் உரிமையாளருக்கு எழுதிச் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. இப்போது முகவரி கண்ணில் படாத இடத்தில் அந்தச் சம்மதத்தை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் மாற்றல் குறியீடு யாரிடம் இருக்கிறது என்பதும், பழைய நிறுவனம் அனுப்பும் அந்த ஒரு தகவலை யார் படிக்கிறார்கள் என்பதும் முன்னைவிட அதிக முக்கியமாகிவிட்டன.

சரி, அந்தக் குறியீடு எங்கே கிடைக்கும்? நம் கணக்குக்குள், அல்லது நம் மின்னஞ்சலுக்கு. மறுப்புச் சொல்லும் இணைப்பு எங்கே வரும்? அதே மின்னஞ்சலுக்கு. பூட்டை எங்கே திறப்பது? அதே கணக்கில். எல்லாம் ஒரே இடத்தில் வந்து முடிவதைக் கவனியுங்கள்.

இலவச மாற்றல் பூட்டு

உங்கள் பெயரின் நிலை என்ன என்று இப்போதே பார்க்கலாம். ஐகேனின் லுக்கப் தளத்துக்குப் போய்ப் பெயரைத் தட்டினால் ஒரு பக்கம் வரும். பெயரின் பதிவு விவரத்தைக் காட்டிவந்த பழைய ஹூயிஸ் சேவைக்குப் பதில் 2025 ஜனவரி முதல் ஆர்டாப் என்ற முறைதான் அதிகாரபூர்வமானது. இந்தப் பக்கம் அதிலிருந்துதான் எடுத்துக் காட்டுகிறது. பதிவு செய்த நாள், காலாவதி நாள், பதிவு நிறுவனத்தின் பெயர், அதன் நடுவே ‘ஸ்டேட்டஸ்’ என்று ஒரு வரி. அங்கே ‘கிளையண்ட் டிரான்ஸ்ஃபர் புரோஹிபிட்டட்’ என்று இருந்தால் மாற்றல் பூட்டு போடப்பட்டிருக்கிறது. ‘ஆக்டிவ்’ அல்லது ‘ஓகே’ என்று மட்டும் இருந்தால் எந்தப் பூட்டும் இல்லை. பார்ப்பவருக்கு ‘ஓகே’ என்றால் எல்லாம் நலம் என்றுதான் தோன்றும். உண்மையில் எந்தத் தடையும் இல்லாமல் திறந்து கிடக்கிறது என்று பொருள். டாட் மை பெயர்களை மைநிக்கின் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

இந்தப் பூட்டுக்குக் காசு இல்லை. கணக்கில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். பல நிறுவனங்களில் பதிவு செய்யும்போதே தானாக விழுந்துவிடும். குறியீடு எப்படியோ வெளியே கசிந்தாலும், யாராவது தவறுதலாக மாற்றல் விண்ணப்பம் போட்டாலும் இது தடுத்துவிடும். பானிக்ஸ் போன்ற சம்பவத்துக்கு இதுதான் முதல் மருந்து.

ஆனால் இதன் எல்லை சீக்கிரம் வந்துவிடுகிறது. கணக்குக்குள் நுழைந்தவன் அதே பொத்தானைத் திரும்பத் தட்டித் திறந்துவிடலாம். அதாவது இந்தப் பூட்டு, வெளியே நிற்பவனைத் தடுக்கும். கடவுச்சொல்லோடு வருபவனைத் தடுக்காது. அதனால் இதைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். போடாமல் இருப்பவர்களை அதைவிடக் கடிந்துகொள்வேன்.

இதோடு சேர்த்துப் பேசப்படும் 60 நாள் தடையையும் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் பதிவு செய்த பெயரையும், இப்போதுதான் மாற்றலாகி வந்த பெயரையும் 60 நாள் வரை மறுபடி மாற்றப் பெரும்பாலான நிறுவனங்கள் விடுவதில்லை. 2016 டிசம்பர் முதல், உரிமையாளரின் பெயரையோ மின்னஞ்சலையோ திருத்தினாலும் 60 நாள் தடை வரும். வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லும் வசதியைச் சில நிறுவனங்கள் கொடுக்கின்றன. அந்த வசதி உங்கள் கணக்கில் இருந்தால் தொடாமல் விடுங்கள். ஆனால் இந்தத் தடையைப் பாதுகாப்பு என்று நம்பி உட்கார்ந்துவிடவும் முடியாது. பெர்ல் நிரலாக்க மொழியின் டாட் காம் பெயர் 2021 ஜனவரி இறுதியில் களவு போனது தெரிய வந்தபோது, கணக்கு 2020 செப்டம்பரிலேயே கைமாறியிருக்க வேண்டும் என்று அதை நடத்தியவர்கள் கருதினார்கள். எடுத்தவன் பொறுமையாகக் காத்திருந்து, டிசம்பரில் ஒரு நிறுவனத்துக்கும் ஜனவரியில் இன்னொன்றுக்கும் பெயரை நகர்த்தியிருந்தான். உலகம் முழுக்க நிரலாளர்கள் பார்க்கும் தளத்துக்கே மாதக்கணக்கில் விவரம் தெரியவில்லை. வருடத்துக்கு ஒரு முறை திருவிழாவுக்கு மட்டும் திறந்து பார்க்கும் கோயில் தளத்துக்கு எப்படித் தெரியும்?

கணக்கும் மின்னஞ்சலும்

காசு செலவழிக்க மனமிருப்பவர்கள் முதலில் நேரத்தை இங்கே செலவழிக்க வேண்டும். பதிவு நிறுவனத்துக் கணக்கிலும், அதோடு இணைத்த மின்னஞ்சலிலும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு எண்ணையோ சாவியையோ கேட்கும் முறை, வேண்டும். கணக்கில் மட்டும் போட்டுவிட்டு மின்னஞ்சலை விட்டுவிட்டால் கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற வழியில் எவனும் உள்ளே வந்துவிடுவான்.

எஸ்.எம்.எஸ் வழி வரும் எண்ணா, செயலியில் வரும் எண்ணா, கணினியில் செருகும் சிறு கருவியான பாதுகாப்புச் சாவியா என்று கேட்டால், எஸ்.எம்.எஸ் கடைசி. 2022 செப்டம்பரில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளை எஸ்.எம்.எஸ் ஓ.டி.பி முறையிலிருந்து விலகச் சொன்னதற்கான காரணமே இங்கேயும் பொருந்தும். சிம் எண்ணை ஏமாற்றி இன்னொருவன் பேரில் எடுக்க முடியும், எஸ்.எம்.எஸ்ஸை நச்சுச் செயலி படிக்க முடியும். இன்னொரு கோளாறு நம் ஊர்ப் பழக்கத்தால் வருவது. சங்க வேலைக்கென்று ஒரு ப்ரீபெய்ட் எண் வாங்குகிறோம், டாப்-அப் செய்யாமல் விட்டுவிடுகிறோம், எண் இறந்துபோகிறது. பிறகு அதே எண் வேறு ஒருவருக்கு விற்கப்படுகிறது. நம் டொமேனின் மீட்பு எண் இப்போது முகம் தெரியாத ஒருவருடைய கைப்பேசி.

செயலி முறை இலவசம், லைன் எடுக்காத தோட்டத்து மூலையிலும் வேலை செய்யும். அமைக்கும்போது வரும் கியூஆரை நிர்வாகத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அவரவர் கைப்பேசியில் ஸ்கேன் செய்துகொண்டால் இருவருக்கும் ஒரே எண் வரும்; ஒருவருடைய கைப்பேசி தொலைந்தாலும் கணக்கு தொலையாது. அப்போது கொடுக்கப்படும் மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து, வங்கிக் காசோலைப் புத்தகம் இருக்கும் இரும்பு அலமாரியில் வையுங்கள். பாதுகாப்புச் சாவி இதைவிட உறுதியானது, போலித் தளத்தில் ஏமாந்து எண்ணைக் கொடுத்துவிடும் ஆபத்து அதில் இல்லை. ஆனால் அதற்குத் தனியாகக் காசு செலவாகும், குறைந்தது இரண்டு வாங்க வேண்டும், எல்லாப் பதிவு நிறுவனமும் அதை ஏற்பதில்லை. இணைய விற்பனையை நம்பிப் பிழைக்கும் கடைக்கு வாங்கச் சொல்வேன். மற்றவர்களுக்குச் செயலி போதும்.

மின்னஞ்சல் எந்த முகவரியில் இருக்க வேண்டும் என்பதில் ஒரு கண்டிப்பு வேண்டும். டொமேன் கணக்குக்கான மின்னஞ்சல் அதே டொமேனில் இருக்கக் கூடாது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் பெயர் கை நழுவினால் நாம் அனுப்பும் முறையீட்டுக்கான பதில்களே திருடனுக்குப் போகும். காலாவதியாகிப் பெயர் செயலிழந்தாலும் இதே கதி. செயலாளரின் சொந்த ஜிமெயிலும் சரிப்படாது. சங்கத்தின் பேரில் தனியாக ஒரு ஜிமெயில் திறந்து, அதை டொமேனுக்கும் வங்கி விவகாரத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. உறுப்பினர் குழுவில், துண்டுப் பிரசுரத்தில், எங்கேயும் அதை வெளியே கொடுக்க வேண்டாம்.

பெயர் யாருடைய பேரில்?

நம் ஊரில் நான் பார்த்த சிக்கல்களில் எங்கோ கணினி முன் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுத் திருடன் அதிகம் வரவில்லை. இங்கே பிரச்சினை வேறு. தளம் செய்து கொடுத்த தம்பி தன் கணக்கிலேயே பெயரைப் பதிந்து வைத்திருப்பார். உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர், மின்னஞ்சல் அவருடையது. கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. அன்றைக்கு யாரிடமும் கடன் அட்டை இல்லை, அவர் கட்டிவிட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு அவர் ஜொகூர் தாண்டி வேலைக்குப் போய்விடுகிறார். அல்லது நிர்வாகத்துக்குள் மனத்தாங்கல் வந்து இரண்டு அணி ஆகிறது. அப்போது பெயரை அவர் வேறு இடத்துக்கு எடுத்துப் போனால் அதை அனுமதியில்லாத மாற்றல் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஆவணப்படி அனுமதி கொடுக்க வேண்டியவரே அவர்தான்.

தோட்டக் கோயில்களின் கதை நமக்குப் புதிதில்லை. தாத்தா காலத்திலிருந்து கும்பிட்ட கோயில், நிலம் மட்டும் தோட்டத்தின் பேரில். தோட்டம் கைமாறிப் புதிய முதலாளி வந்து இடத்தைக் காலி செய்யச் சொல்லும்போது நம்மிடம் காட்ட ஒரு தாள் இருப்பதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், நம் தொகுதியின் அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, உழைத்தவன் பேரிலேயே நிலம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். டொமேனிலும் பார்க்க வேண்டியது இதுவே. எத்தனை வருடமாகப் பயன்படுத்துகிறோம் என்பது பதிவேட்டில் ஏறாது. உரிமையாளர் என்ற கட்டத்தில் இருக்கும் பெயர்தான் ஏறும்.

ஆகவே உள்ளூர்க்காரர் வழியே வாங்குவதா, நேரடியாகப் பதிவு நிறுவனத்தில் சங்கமே கணக்குத் திறப்பதா என்று கேட்டால் நான் நேரடிக் கணக்கையே சொல்வேன். உள்ளூர்க்காரரிடம் ஒரு பெரிய நன்மை உண்டு, அதை மறுக்கவில்லை: தமிழில் பேசலாம், வீட்டுக் கதவைத் தட்டலாம். அவர் தளத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். தேவையானால் டி.என்.எஸ்ஸை மட்டும் தொடும் அனுமதியைப் பல நிறுவனங்களில் தனியாகக் கொடுக்கலாம். கணக்கின் உரிமையும் பூட்டும் குறியீடும் நிர்வாகத்திடம் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே அவர் பேரில் இருந்தால் சண்டை வேண்டாம். உறவு நன்றாக இருக்கும்போதே கேளுங்கள். “அண்ணே, சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்குக் காட்டணும், பேர் சங்கத்து மேல இருந்தா நல்லது” என்றால் புரிந்துகொள்வார். அவர் கணக்குக்குள்ளேயே முதலில் உரிமையாளர் பெயரைச் சங்கத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். இரு பக்கத்துக்கும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரும். அப்புறம் அதே பதிவு நிறுவனத்தில் சங்கத்தின் கணக்குக்கு நகர்த்தச் சொல்லுங்கள். நிறுவனத்தை மாற்றாமல் கணக்கை மட்டும் மாற்றுவதால் இதற்கு 60 நாள் தடை பெரும்பாலும் குறுக்கே வராது. வேறு நிறுவனத்துக்குப் போக வேண்டுமென்றால் தடை முடிந்த பிறகு செய்யலாம். ஆடித் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மட்டும் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இன்னொன்று, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறும்போது உண்டியல் சாவி ஒப்படைக்கிறோம், கணக்குப் புத்தகம் ஒப்படைக்கிறோம், வங்கியில் கையெழுத்து மாற்றுகிறோம். டொமேன் கணக்கு மட்டும் பழைய செயலாளரின் கைப்பேசியிலேயே தங்கிவிடுகிறது. ஒப்படைப்புப் பட்டியலில் அதற்கும் ஒரு வரி சேருங்கள். கடவுச்சொல்லை அன்றே மாற்றி, பழைய கைப்பேசியை நீக்கி, புதியவர்களுடையதைச் சேர்க்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்கும் பூட்டு

இப்போது அந்த ஆயிரம் வெள்ளி விஷயம். இது பதிவு நிறுவனம் போடும் பூட்டு இல்லை, அதற்கு மேலே இருக்கும் தலைமைப் பதிவகமே போடுவது. நிலை வரியில் ‘சர்வர் டிரான்ஸ்ஃபர் புரோஹிபிட்டட்’ என்று வரும். வழக்கமாக அழிப்பதற்கும் டி.என்.எஸ்ஸைத் திருத்துவதற்கும் சேர்த்தே தடை இருக்கும். திறக்க வேண்டுமானால், பதிவு நிறுவனத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்த ஆள் தலைமைப் பதிவகத்தைத் தொடர்புகொண்டு, தொலைபேசி போன்ற வேறு வழியில் தான்தான் என்று நிரூபிக்க வேண்டும். உங்கள் கணக்கும் மின்னஞ்சலும் இரண்டுமே திருடன் கையில் இருந்தாலும் அவனால் பெயரை நகர்த்த முடியாது. இந்த ஒரு பலம் வேறு எதிலும் கிடையாது.

விலை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பல இடங்களில் ஆண்டுக்குச் சில நூறு அமெரிக்க டாலர். சில்லறையாக ஒரு பெயர் வாங்குபவருக்கு இதை விற்காத நிறுவனங்களே அதிகம். பெரிய நிறுவனங்களுக்கென்றே இருக்கும் பதிவு நிறுவனங்களிடம் போனால் சேவை நன்றாக இருக்கும், கட்டணம் நமக்கு எட்டாது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

இதில் கவனிக்க வேண்டிய சங்கடம் ஒன்று உண்டு. தளத்தை வேறு சர்வருக்கு மாற்ற வேண்டும், மின்னஞ்சல் சேவையை மாற்ற வேண்டும் என்றால், பெயர் சர்வர்களைத் தொடும் ஒவ்வொரு முறையும் பூட்டைத் திறக்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை அப்படி நடந்தால் பரவாயில்லை. அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கு இது தலைவலி. இன்னும் முக்கியமானது, உரிமையாளர் கட்டத்தில் தவறான ஆள் இருக்கும்போது இந்தப் பூட்டைப் போட்டால், அந்தத் தவறான ஆளின் உரிமையைத்தான் காசு கட்டிக் காக்கிறீர்கள்.

டாட் மைக்குப் போவதா?

டாட் காம் டாட் மை, டாட் ஆர்க் டாட் மை பெயர்களுக்கு உள்ளூர்ப் பதிவு ஆவணம் கேட்கிறார்கள். வணிகப் பதிவோ சங்கப் பதிவோ காட்ட வேண்டும். தாள் வழியே யார் உரிமையாளர் என்பது தெளிவாக இருப்பதால், ‘தளம் செய்த தம்பி’ சிக்கல் இங்கே வர வழி குறைவு. தகராறு வந்தாலும் மைநிக்கின் தகராறு விதிப்படி கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையம்தான் விசாரிக்கும். வெளிநாட்டுக்கு எழுதி அலைய வேண்டாம். ஐகேனின் மாற்றல் விதி இந்தப் பெயர்களுக்குப் பொருந்தாது, மைநிக்கின் விதிகளே பொருந்தும். ஆகவே டாட் காமுக்கு மேலே சொன்ன ஐந்து நாள், 60 நாள் கணக்குகளை அப்படியே இங்கே போட்டுப் பார்க்காதீர்கள்.

அதற்காக டாட் மை என்றால் அசைக்க முடியாது என்று நினைக்கவும் வேண்டாம். 2013 அக்டோபரில் கூகளின் மலேசிய முகவரிக்குப் போனவர்கள் யாரோ ஊடுருவிகளின் பக்கத்தில் போய் விழுந்தார்கள். கூகளின் சர்வர்களை யாரும் தொடவில்லை. தலைமைப் பதிவகத்தின் பக்கத்தில் டி.என்.எஸ் பதிவு மாற்றப்பட்டிருந்தது. சில மணி நேரத்தில் சரிசெய்யப்பட்டது. மேலேயே ஓட்டை விழுந்தால் கீழே நாம் போடும் எந்தப் பூட்டும் உதவாது என்பதற்கு அது சான்று.

கோயிலும் சங்கமும் புதிதாகப் பெயர் வாங்குவதாக இருந்தால் நான் டாட் ஆர்க் டாட் மையைத்தான் சொல்வேன், அந்த ஆவண உறுதிக்காகவே. பத்து வருடமாக டாட் காமில் பழகிப்போன அமைப்பு அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது. பழைய பெயரை விட்டால் அதை வேறு ஒருவன் வாங்கிக்கொள்வான், பழைய அழைப்பிதழ்களில் இருக்கும் முகவரி அவனிடம் போய் நிற்கும். இரண்டையும் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது?

கோயிலுக்கு: சங்கப் பேரில் நேரடிக் கணக்கு, தனி ஜிமெயில், இரண்டு பேர் கையில் செயலி, மாற்றல் பூட்டு. செலவு வருடக் கட்டணம் மட்டும். காசுப் பூட்டுக்கான பணத்தைக் கூரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை லுக்கப் பக்கத்தைத் திறந்து நிலை வரியைப் பார்க்கும் வேலையை இளைஞர் பிரிவில் ஒருவரிடம் கொடுத்தால் போதும்.

முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் அதுவே, ஆனால் அங்கே காலாவதிதான் பெரிய ஆபத்து. ஆர்வத்தோடு தொடங்கியவர்கள் கலைந்துபோகிறார்கள், கடன் அட்டை காலாவதியாகிறது, தானியங்கிப் புதுப்பிப்பு நின்றுவிடுகிறது. டாட் காமில் நீக்கப்பட்ட பெயருக்கு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் மீட்கும் கட்டணம் வழக்கமானதைவிடப் பல மடங்கு. யாரும் திருடாமலே பெயர் போய்விடும். ஐந்து வருடத்துக்கு முன்பணம் கட்டிவிடுவது இவர்களுக்குக் காசுப் பூட்டைவிட நல்ல முதலீடு.

கடை வேறு. முறுக்கும் ஊறுகாயும் விற்கும் வீட்டுக் கடையில் வருமானம் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழி என்றால் கோயிலுக்குச் சொன்னதே போதும். ஆனால் தினமும் ஆர்டர் தளம் வழியே வந்து, இரண்டு நாள் தளம் நின்றால் ஆட்களுக்குச் சம்பளம் தடுமாறும் அளவுக்கு வளர்ந்த கடை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு நாள் வியாபாரம் காசுப் பூட்டின் ஆண்டு விலையைத் தாண்டினால் வாங்கலாம், தயங்க வேண்டாம். முதலில் பாதுகாப்புச் சாவி, பிறகு அந்தப் பூட்டு, இந்த வரிசையில். கடன் கூட்டுறவுச் சங்கம் மாதிரி உறுப்பினர் பணத்தைத் தளம் வழி கையாளும் அமைப்புக்கு நான் கணக்கே போடச் சொல்ல மாட்டேன். கட்டாயம் வேண்டும்.

போன பிறகு மீட்க வழி உண்டுதான், ஆனால் ஒவ்வொன்றும் கடினம். முதல் வழி, உங்கள் பழைய பதிவு நிறுவனத்தை உடனே பிடிப்பது. பதிவு நிறுவனங்கள் தங்களுக்குள் பேச அவசரத் தொடர்பு ஒன்று உண்டு; களவு மாற்றல் பற்றிக் கேட்டால் மற்ற நிறுவனம் 4 மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நாம் நேரடியாக அதைப் பயன்படுத்த முடியாது, நம் நிறுவனம்தான் நமக்காகக் கேட்க வேண்டும். மாற்றல் விதி மீறப்பட்டது என்ற முறையான தகராறையும் பதிவு நிறுவனமே தொடுக்க முடியும், அதுவும் 12 மாதத்துக்குள். நாமே தொடுக்கக்கூடிய டொமேன் தகராறு வழக்குக்கு உலக அறிவுசார் சொத்து அமைப்பில் தொடக்கக் கட்டணமே 1,500 அமெரிக்க டாலர். அதிலும் வணிகக் குறி உரிமையைக் காட்ட வேண்டும், ஊர்க் கோயிலுக்கு அது எளிதில்லை.

ஆக, மீட்பு முழுக்க உங்கள் பதிவு நிறுவனம் எவ்வளவு வேகமாக எழுந்து நிற்கும் என்பதில் இருக்கிறது. இரண்டு வெள்ளி மலிவு என்று பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட இதைப் பாருங்கள். பெயர் வாங்கிய ரசீது, கட்டணம் கட்டிய வங்கி அறிக்கை, சங்கப் பதிவுச் சான்றிதழ், நிறுவனத்தின் அவசரத் தொடர்பு விவரம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். புதிய நிறுவனத்துக்குப் போவதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களுடைய உதவிப் பிரிவுக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பாருங்கள். அன்றே மனிதர் ஒருவர் பதில் எழுதினால் அங்கே போகலாம். திங்கட்கிழமை மத்தியானம்தான் பதில் வருகிறது என்றால் வேறு நிறுவனத்தைத் தேடுங்கள்.